போக மட்டும் டிக்கெட்

எங்கள் ஊர் ரயில் நிலையத்தை மூடியது நான்தான். இத்தனை வருஷமாக ரயில்வேயைத் திட்டி வருபவர்கள் இனி என்னைத் திட்டலாம். வீட்டில்தான் இருக்கிறேன், காலைப் பலகாரத்துக்குப் பிறகு ஓய்வாகவும் இருக்கிறேன். ஒரு நிலையத்தை மூடுவதென்றால் அரசாங்கத்துக்குப் பல வருஷமும் நாலைந்து கமிட்டியும் ஆகும். எனக்கு மூன்று மாதமும் ஒரு நல்ல யோசனையும் போதுமானதாக இருந்தது.

ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை. அந்த யோசனைக்குக் கைதட்டியவர்களில் சிலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். ஒருவர் எனக்குச் சம்பந்தி வேறு.

போன மாதம் கடைவீதிக்காரர்கள் ஒரு சிறப்பு மலர் வெளியிடுகிறோம் என்று வந்து, நிலையத்தின் வரலாற்றை இரண்டு பக்கத்தில் எழுதித் தரச் சொன்னார்கள். "ஸ்டேஷனக் காப்பாத்தறதுக்குப் போராடுனவரு நீங்கதானுங்களே" என்றார் வந்தவர்களில் ஒருவர். மறுக்க வாயெடுத்தேன், அதற்குள் சால்வை பற்றிப் பேச்சு வந்துவிட்டது. அவர்கள் கேட்ட இரண்டு பக்கத்தை எழுதிக் கொடுத்துவிட்டேன். அதில் இருப்பதெல்லாம் உண்மை. இதில் இருப்பது நடந்தது.

குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவில், ரயில் மெதுவாகத் திரும்பும் ஒரு வளைவில் நிலையம் இருக்கிறது. தகரக் கூரை, ஒரு பெஞ்சு, எறும்புப் புற்றின் வாயை விடக் கொஞ்சம் பெரிதாக ஒரு டிக்கெட் ஜன்னல். இப்போது ரயில் அங்கே நிற்பதில்லை. வளைவுக்காக வேகம் குறைகிறது. மரியாதைக்காகக் குறைகிறது என்று நினைத்துக்கொண்டு சுற்றுலாப் பயணிகள் ஜன்னலில் தொங்கிப் படம் எடுக்கிறார்கள். கூரை ஒழுங்காக இருந்த காலத்தில் ஒருவர்கூட அதைப் படம் எடுத்ததில்லை.

நிலையம் ஊருக்காக வந்ததல்ல. எதிர்ச் சரிவில் இருந்த எஸ்டேட்டின் வெள்ளைக்காரத் துரைக்காக வந்தது. துரை வாரத்துக்கு மூன்று நாள் கிளப்புக்குப் போவார். போகும்போது நிமிர்ந்து போவார், வரும்போது அப்படி வர மாட்டார், அதற்குக் குதிரை ஒத்துழைக்கவில்லை, ஆகவே ரயிலை நிற்கச் சொன்னார்கள் என்று எங்கள் ஊரில் ஒரு பேச்சு உண்டு. சுதந்திரத்துக்குப் பிறகு துரை தோட்டத்தை விற்றுவிட்டு, நாய்களோடு கப்பலேறினார். நிலையத்தை எடுத்துப்போக முடியவில்லை. சுதந்திரத்தில் எங்கள் ஊருக்குக் கையில் வந்து சேர்ந்த சொத்து அது ஒன்றுதான். நாங்கள் பெருமையோடு அதைப் பெற்றுக்கொண்டு, பஸ்ஸில் போகத் தொடங்கினோம்.

காரணம் இல்லாமல் இல்லை. ஊருக்கு மேலே தார் ரோடு வந்துவிட்டது. இருநூறு சொச்சம் படி ஏறினால் பஸ்; இருபது நிமிஷத்தில் குன்னூரில் இறக்கிவிடும். ரயில் அதே தூரத்துக்கு முக்கால் மணி நேரம் எடுக்கும். வழியில் இன்ஜின் தண்ணீர் குடிக்கும், டிரைவர் டீ குடிப்பார், இருவருக்கும் ஒரே சமயத்தில் தாகம் எடுக்காது.

எழுபதுகளின் கடைசியில், நான் தேயிலை ஃபேக்டரி ஆபீசில் கிளார்க்காகச் சேர்ந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தபோது, டிக்கெட் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். இந்த நிலையத்தில் டிக்கெட் விற்பனை மிகக் குறைவு, மூன்று மாதம் கவனித்துவிட்டு நிலையம் வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்யப்படும் என்று அதில் இருந்தது. ஊர் கொதித்தது. யாருக்கும் தேவைப்படாத ஒரு பொருளை வேறொருவர் எடுத்துக்கொள்ளப் போகிறார் என்றால் எங்கள் ஊருக்கு வரும் ஆவேசம் தனி.

பிளாட்பாரத்திலேயே கூட்டம் போட்டோம். நிலையத்துக்கு எந்தப் பக்கம் இறங்க வேண்டும் என்று வழி கேட்டுக்கொண்டு வந்தவர்கள் மூன்று பேர். தலைமை மளிகைக் கடைக்காரர். அவர் தாத்தா காலத்தில் கோயமுத்தூர்ப் பக்கமிருந்து மேலே வந்த குடும்பம். ஊரில் எதற்குக் குழு போட்டாலும் தலைவர் அவர்தான், ஏனென்றால் கூட்டத்துக்கு டீயும் பன்னும் அவர் கடையிலிருந்துதான் வரும்.

"ஏனுங்க, டேசன் போச்சுன்னா அப்பறம் இந்த ஊருக்கு என்னங்க மரியாத இருக்குது?" என்றார் அவர். "நாளைக்கு ஒருத்தன் நம்ம ஊட்டுக்குப் பொண்ணு குடுப்பானுங்களா?"

பெண் கொடுப்பவர்களும் பஸ்ஸில்தான் வருவார்கள் என்று யாரும் சொல்லவில்லை. நான் எழுந்தேன். எனக்கு அப்போது ஊரில் மனு எழுதுபவன் என்று ஒரு பெயர் இருந்தது. ரேஷன் கார்டு, தெரு விளக்கு, பட்டா எல்லாவற்றுக்கும் என்னிடம்தான் வருவார்கள். எதற்கும் பதில் வந்ததில்லை என்பதைக் யாரும் கவனிக்காத அளவுக்கு என் எழுத்து நடை நன்றாக இருக்கும்.

என் யோசனை இதுதான். அவர்களுக்கு வேண்டியது டிக்கெட் விற்பனை. விற்றுவிடுவோம். வீட்டுக்கு ஒருவர் வாரத்துக்கு ஒரு டிக்கெட் வாங்க வேண்டியது, இருப்பதிலேயே மலிவான டிக்கெட், அதாவது மேலே இருக்கும் அடுத்த நிலையத்துக்கு. ரயில் ஏறத் தேவையில்லை. வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

கூட்டம் மலர்ந்தது. கடைக்காரருக்கு மட்டும் ஒரு சந்தேகம்.

"போய்ட்டு வர்றதுக்கும் சேத்து வாங்கோணுமுங்களா? அது ரெண்டு மடங்காகுமேங்க."

"நாம போகவே போறதில்லீங்க" என்றேன். "போகாதவனுக்குத் திரும்பி வர எதுக்குங்க டிக்கெட்டு?"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. இப்போது எழுதும்போதும் அந்த வாதத்தில் ஓட்டை எங்கே என்று எனக்குச் சட்டென்று புலப்படவில்லை.

பெஞ்சின் ஓரத்தில் ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார். சாயங்கால ரயிலில் வந்து இறங்கியவர், கூட்டத்தைப் பார்த்து நின்றுவிட்டார். இலங்கையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. ரயில் பாதையை ஒட்டிய தோட்டத் தொழிலாளர் லயத்தில் வீடு. தேயிலைச் சரிவில் விழுந்து ஒடிந்த இடது கால் சரியாகக் கூடாமல், கொழுந்து பறிக்க முடியாமல் போய், குன்னூரில் ஓர் ஆஸ்பத்திரியில் வார்டு ஆயாவாக இருந்தார். சம தரையில் சாய்ந்து சாய்ந்து நடப்பார். படி என்றால் ஒவ்வொன்றுக்கும் ஒரு யோசனை வேண்டும். காலை ரயிலில் போய்ச் சாயங்கால ரயிலில் வருவார். ஊரில் நிலையத்தை நிலையமாகப் பயன்படுத்தியவர் அவர் ஒருவரே. ஆனால் அவர் மாதப் பாஸ் வைத்திருந்தார், பாஸ் குன்னூரில்தான் எடுக்க வேண்டும், ஆகையால் எங்கள் நிலையத்தின் கணக்கில் அவர் இல்லவே இல்லை.

ரயிலுக்கு அவர் சொல்வது 'கோச்சி'. அவர் பிறந்த தோட்டத்தில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்களாம். எங்கள் ஊர் அதைக் கேட்டுச் சிரித்துச் சிரித்து, கடைசியில் அவருக்கே கோச்சியக்கா என்று பெயர் வைத்துவிட்டது.

"தம்பி, டிக்கெட் எடுத்தா ஏறத்தானே வேணும்?" என்றார் அவர் என்னைப் பார்த்து. "ஆளுக்கு வாரத்துல ஒரு நாள் கோச்சியில ஏறிப் போய் வந்தீங்கன்னா போதுமே. இந்தக் கோச்சி இல்லாட்டி நான் அந்தப் படிய ஏறி எப்ப வேலைக்குப் போறது? ஏழரைக்கு ஒரு நிமிசம் பிந்தினாலும் அங்க சிஸ்டர் பேர எழுதிருவாங்க."

"ஏறிப் போனா கடைய யாருங்க்கா பாக்கறது?" என்றார் கடைக்காரர்.

"நீங்க கவலைப்படாதீங்க அக்கா" என்றேன் நான். "ஸ்டேஷன் எங்கயும் போகாது. நான் இருக்கேன்."

அடுத்த வாரத்திலிருந்து விற்பனை பிய்த்துக்கொண்டு போயிற்று. நிலையத்தில் மாஸ்டர், டிக்கெட் கொடுப்பவர், கொடி காட்டுபவர், விளக்குத் துடைப்பவர் எல்லாம் ஒருவரே. கரூர்க்காரர். எங்கள் குளிருக்கு இரண்டு ஸ்வெட்டரும் அதற்கு மேல் ஒரு கம்பளியும் போட்டுக்கொண்டு, ஜன்னலுக்குள் மூட்டை மாதிரித் தெரிவார். சமவெளிக்கு மாற்றல் கேட்டு அவர் அனுப்பிய மனுக்களில் நாலு நான் எழுதியது.

"போக மட்டுமா?" என்று கேட்டார் முதல் நாள்.

"போக மட்டுங்க."

"திரும்பி வரது?"

"வேண்டாங்க."

அவர் என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். எதையோ சொல்ல வந்தவர் போலத் தெரிந்தது. பிறகு கம்பளியை இழுத்து விட்டுக்கொண்டு, அட்டை டிக்கெட்டில் தேதியை டக்கென்று குத்திக் கொடுத்தார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்பது அவர் கரூர் போய்ச் சேர்ந்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

அட்டை டிக்கெட் கெட்டியானது. ஊரில் அதற்கு உடனே உபயோகம் கண்டுபிடித்தார்கள். தையற்காரர் சட்டைக் காலருக்குள் வைத்துத் தைத்தார். அவரிடம் தைத்த சட்டை போட்டவர்கள் ஒரு பக்கம் மட்டும் திரும்பிப் பேசினார்கள். டீக்கடையில் ஆடாத மேஜை இல்லை என்ற நிலை மாறியது. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவ அதைவிட நல்ல சாமான் கிடையாது என்று ஒரு பெரியவர் வாரத்துக்கு இரண்டாக வாங்கினார். வெற்றி என் தலைக்கு ஏறியிருந்தது. ஆபீசில் எங்கள் மேனேஜர் அதட்டினால்கூட, ரயில்வேயையே சமாளிக்கிற ஆளிடம் பேசுகிறோம் என்று இவருக்குத் தெரியவில்லையே என்று பரிதாபப்பட்டேன்.

மூன்றாவது மாதக் கடைசியில் பார்வையிட ஓர் அதிகாரி வந்தார். ஜீப்பில் வந்தார். பாலக்காட்டுப் பக்கத்துக்காரர், நல்ல மனிதர்; மலையாளத்தில் நனைந்த தமிழில் பொறுமையாகப் பேசினார். பெஞ்சில் உட்கார்ந்து மாஸ்டரின் பதிவேட்டை மடியில் வைத்து வெகுநேரம் புரட்டினார். அவர் நெற்றி சுருங்கச் சுருங்க, விற்பனையைப் பார்த்து அசந்துபோய்விட்டார் என்று நான் கடைக்காரரின் விலாவில் இடித்தேன்.

"இவிடேந்து எல்லாரும் போகுன்னு" என்றார் அதிகாரி. "ஆரும் திரிச்சு வருன்னில்லையே?"

மாஸ்டர் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு டிக்கெட் ஜன்னலுக்குள் போய்விட்டார்.

"மூணு மாசமாய்ட்டு இதே போலத்தான். போகும், போகும். ஒராள் போலும் வரலை. எந்தா, ஊரில வல்ல அசுகமும் உண்டோ? காலரா போல?"

"அதெல்லாம் இல்லீங்க சார்" என்றார் கடைக்காரர் பதறி. "நல்ல தண்ணிங்க, நல்ல காத்துங்க."

"பின்னே எல்லாரும் ஓடிப் போகுன்னது எதுக்கா?"

இப்படிப்பட்ட இக்கட்டில் வாயை மூடிக்கொண்டிருப்பவர்கள்தான் வாழ்க்கையில் முன்னுக்கு வருகிறார்கள். நான் முன்னுக்கு வரவில்லை.

"சார், அடுத்த ஸ்டேஷன் மேட்டுல இருக்குது. போறது ஏத்தம், வர்றது எறக்கம். அதனால ரயில்ல ஏறிப் போய்ட்டு, வரும்போது நடந்தே வந்துருவாங்க. இந்த ஊர்ல எல்லாருக்கும் நடக்கறதுன்னா உசுரு."

அதிகாரி எங்கள் கடைக்காரரின் தொந்தியை ஒரு கணம் பார்த்தார். பிறகு குனிந்து, நான் சொன்னதை எழுதிக்கொண்டார். அவர் எழுதிய அழகைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது.

"ஸ்திரமாய்ட்டு ரயில்ல போகுன்ன ஒராளைக் காணணும்" என்றார், தினமும் ரயிலேறும் ஒருவரைப் பார்க்க வேண்டும் என்ற அர்த்தத்தில்.

கோச்சியக்கா அன்று லீவு போட்டுவிட்டு, காலையிலிருந்து அங்கேதான் நின்றிருந்தார். துவைத்த வெள்ளைப் புடவை, கையில் பாஸ். அவருக்கு லீவென்றால் சம்பளம் கிடையாது. இரண்டு நாளாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டதை அவர் அப்படியே சொன்னார்.

"ஐயா, எனக்குக் கோச்சி வேணும். கோச்சி இல்லாட்டி எனக்கு வேலை இல்ல."

அதிகாரி நிமிர்ந்தார். அவர் காதில் அது அவர் நாட்டு ஊராகத்தான் விழுந்திருக்க வேண்டும். முகத்தில் ஒரு நெருக்கம் வந்தது. "கொச்சியோ? கொச்சியில எந்தா ஜோலி?"

"ஆசுபத்திரியில ஐயா. ஆயா வேலை."

"சரி. எத்தரை நாளாய்ட்டு?"

"ஆறு வருசமாகுது ஐயா. காலையில போய்ச் சாயங்காலம் வந்துருவேன்."

"தினமும்?"

"ஞாயித்துக்கிழமையும் போவேன் ஐயா."

அதிகாரி அவரை மிகவும் இரக்கத்தோடு பார்த்தார். மெதுவாகப் பேனாவை மூடினார்.

அந்த இடத்தில் என்ன நடந்தது என்பது அங்கே ஒருவனுக்குத்தான் முழுக்கத் தெரியும். கோச்சி என்றால் ரயில் என்று அதிகாரிக்குத் தெரியாது. அவர் கொச்சி என்று கேட்டுக்கொண்டார் என்று அக்காவுக்குத் தெரியாது. கடைக்காரர் ஜீப் டிரைவருக்கு டீ சொல்லப் போயிருந்தார். இரண்டும் தெரிந்தவன் நான். 'சார், அவங்க சொல்றது ரயில' என்று ஒரு வரி போதும். நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்றால், கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டு, சிரிப்பு வெளியே வராமல் தூணைப் பார்த்து நின்றிருந்தேன். அடங்கியதும் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். அடங்குவதற்குள் ஜீப் கிளம்பிவிட்டது.

அப்போதும் ஓடிப் போய்ச் சொல்லியிருக்கலாம். மலை ரோட்டில் ஜீப் என்ன வேகம் போய்விடும். நான் டீக்கடைக்குப் போனேன். தினமும் கொச்சிக்குப் போய்வரும் ஆயாவின் கதையை அன்று சாயங்காலத்துக்குள் நாலு தடவை சொன்னேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மெருகேறியது. நாலாவது தடவை சொல்லும்போது அக்கா வெளியே நின்று பாண் வாங்கிக்கொண்டிருந்தார் என்று பிறகு தெரிந்தது. ரொட்டியை அவர் பாண் என்றுதான் சொல்வார்; அதற்கும் நாங்கள் சிரிப்போம். அன்று அவர் ஒன்றும் கேட்காமல், கண்ணாடிப் பெட்டியைக் கையால் காட்டி வாங்கிக்கொண்டு போனாராம்.

ஒன்றரை மாதத்தில் கடிதம் வந்தது. கடைக்காரர் கொடுக்க, கூட்டத்தில் நான்தான் உரக்கப் படித்தேன். இவ்வூர் மக்கள் தொடர்ந்து வெளியேறி வருவது பதிவேட்டிலிருந்து தெரிகிறது. எஞ்சியிருப்பவர்களும் நடப்பதில் விருப்பம் உடையவர்கள் என்று ஊர்க்காரர்களே தெரிவித்தனர். நேரில் விசாரித்த ஒரே பயணியின் கோரிக்கை கொச்சிக்கு நேரடி ரயில் பற்றியது, அது இப்பாதையில் சாத்தியமில்லை. ஆகவே நிலையம் மூடப்படுகிறது. நல்ல கடிதம். நான் எழுதிய எந்த மனுவையும்விடச் சுருக்கமாகவும் தெளிவாகவும் இருந்தது. எங்கள் வாயிலிருந்து வராத ஒரு வார்த்தை அதில் இல்லை.

கூட்டம் என்னை அடிக்கும் என்று எதிர்பார்த்தேன். அடிக்கவில்லை. "நம்மளால ஆனத செஞ்சுட்டமுங்க" என்றார் கடைக்காரர். டீயும் பன்னும் வந்தது. குன்னூர் போக வேண்டியவர்கள் படியேறி அடுத்த பஸ்ஸைப் பிடித்தார்கள். கரூர்க்காரருக்கு மாற்றல் உத்தரவு அதே வாரம் வந்தது. நான் எழுதியவற்றில் பலித்தது அது ஒன்றுதான்.

மூடிய மறுநாளிலிருந்து ரயில் ஊதிக்கொண்டு நிற்காமல் போயிற்று. ஊரில் ஒருவருக்கும் ஒரு குறைச்சலும் ஏற்படவில்லை, ஒருவரைத் தவிர. முதல் வாரத்தில் இரண்டு நாள் அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் பெயர் எழுதினார்கள். மூன்றாவது முறை எழுதினால் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். இதை என்னிடம் சொன்னது அவர் அல்ல, பஸ் கண்டக்டர்.

எனக்கு அன்று தூக்கம் சரியாக இல்லை. விடிவதற்குள் எழுந்து, வழக்கம்போல எனக்குத் தெரிந்த ஒரே பிராயச்சித்தத்தைச் செய்தேன்: மூன்று பக்கத்துக்கு ஒரு மனு. இந்தத் தடவை கோச்சி என்ற சொல்லின் பொருளை முதல் பத்தியிலேயே விளக்கியிருந்தேன். இரண்டாம் பக்கத்தில் ஓர் இடம் படித்தபோது எனக்கே கண் கலங்கியது. அதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, ஆறு மணிக்குப் படிக்கட்டுக்குப் போனேன்.

பாதிப் படியில் அக்கா உட்கார்ந்திருந்தார். கீழே பனி இன்னும் கலையவில்லை. வீட்டிலிருந்து முன்னைவிட ஒரு மணி நேரம் முந்திக் கிளம்பியிருக்க வேண்டும். பக்கத்தில் சாப்பாட்டுப் பை. இடது முழங்காலை இரண்டு கையாலும் பிடித்து நீவிக்கொண்டிருந்தார். மேலே எங்கோ வளைவில் பஸ் ஹாரன் கேட்டது. அவர் தலையை உயர்த்தி, மிச்சப் படிகளை ஒரு முறை அளந்து பார்த்தார்.

நான் இரண்டு படி கீழேயே நின்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"அக்கா, இந்த வாட்டி நேரா மேலிடத்துக்கே எழுதியிருக்கேன். விவரமெல்லாம் சரியாப் போட்டிருக்கேன். நீங்க இதுல ஒரு கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்க."

நீட்டிய காகிதத்தை அவர் வாங்கவில்லை. கைப்பிடிச் சுவரைப் பற்றி எழுந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அடுத்த படியில் வலது காலை வைத்தார். வைத்துக்கொண்டே, திரும்பாமல் சொன்னார்.

"எழுதாதீங்க தம்பி, பஸ்ஸும் நின்னுரும்."